இரண்டு செம்புக் குழாயில் வெளியேறும் வெப்பம்

ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது வீட்டிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. டன் என்ற அளவு பனிக்கட்டியால் குளிரூட்டிய காலத்திலிருந்து வந்தது. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுதும் உருக எந்த வேகத்தில் வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன். இன்றைய கணக்கில் 3.5 கிலோவாட்.

இந்த 5.3 கிலோவாட்டைச் சுமக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், ஓர் இடத்தில் காற்றைக் குளிரவைத்து, டக்ட் எனப்படும் தகரக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்புவார்கள். அறைக் காற்றைவிட அது 10 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால், நொடிக்கு ஏறத்தாழ 440 லிட்டர் காற்று ஓட வேண்டும். அதிக இரைச்சல் இல்லாமல் ஓட வேண்டுமானால் 33 சென்டிமீட்டர் விட்டமுள்ள டக்ட் தேவை. இரண்டாவது வழியில், வெப்பத்தை உறிஞ்சும் குளிரூட்டும் பொருளையே அறைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஏசி மெக்கானிக்குகள் அதைக் 'காஸ்' என்பார்கள். ஒரு கிராம் காற்று 10 டிகிரி சூடேற 10 ஜூல் போதும். ஆர்-32 என்ற வகைக் காஸ் ஒரு கிராம், திரவ நிலையிலிருந்து ஆவியாக மாறும்போதோ, ஏசி ஓடும் நிலையில், 240 ஜூல் அளவுக்கு உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் நொடிக்கு 22 கிராம் காஸ் ஓடினால் அதே வேலை முடிந்துவிடும். அதற்குப் பென்சில் தடிமனில் ஒரு குழாய், கட்டைவிரலைவிட மெல்லியதாய் இன்னொன்று, சுவரில் 7 சென்டிமீட்டர் துளை ஒன்று, இவ்வளவு போதும். டக்ட் இல்லாத இந்த ஸ்ப்ளிட் ஏசியின் நன்மைகள் பலவும் இந்த வித்தியாசத்திலிருந்து பிறப்பவை.

டக்டில் என்ன இழக்கிறோம் என்று பார்ப்போம். பெரும்பாலும் அது கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே, வீட்டிலேயே மிகச் சூடான இடத்தில் படுத்திருக்கும். உள்ளே 13 டிகிரிக் காற்று, வெளியே 55 டிகிரிக் கூரைவெளி. இணைப்புகளில் சிறு இடைவெளி இருந்தால் குளிர்காற்று அங்கேயே சிந்திவிடும். சிந்திய அளவுக்கு வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து, கதவு, சன்னல் இடுக்குகள் வழியே வெளியிலிருந்து சூடான ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். அதையும் சேர்த்துத்தான் குளிரவைக்க வேண்டியிருக்கும். இப்படி டக்டில் போகும் இழப்பு, வீட்டைக் குளிரவைக்கவும் சூடாக்கவும் ஆகும் எரிசக்தியில் 30 சதவீதத்துக்கு மேலும் போகலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. டக்ட் முழுவதும் குளிரூட்டிய பகுதிக்குள்ளேயே, இணைப்புகள் நன்றாக அடைக்கப்பட்டு இருந்தால் இழப்பு வெகுவாகக் குறையும். ஆகவே ஒழுங்காகக் கட்டிய டக்ட் உள்ள வீட்டில் அதைப் பிடுங்கி எறிய அவசியமில்லை. டக்டே இல்லாத வீட்டில் புதிதாக அதைக் கட்ட நினைப்பவர்களுக்குத்தான் ஸ்ப்ளிட் ஏசி தெளிவான மாற்று.

இனி அந்த இரண்டு குழாய்களுக்குள் நடப்பது. வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் கம்ப்ரஸர் காஸை அழுத்திச் சூடாக்குகிறது. அந்தச் சூடு வெளிக்காற்றைவிட 10, 15 டிகிரி அதிகம் என்பதால் காயில் எனப்படும் குழாய்ச் சுருள் வழியே வெளியேறிவிட, காஸ் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகிய துவாரத்தின் வழியே அழுத்தம் சட்டென்று இறங்கி, திரவம் சில்லிட்டுப்போகிறது. அது மெல்லிய குழாய் வழியே உள்ளே வந்து, இன்டோர் யூனிட்டின் காயிலில் அறை வெப்பத்தை வாங்கி ஆவியாகி, தடித்த குழாய் வழியே கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அழுத்தத்தை இறக்கும் அந்தத் துவாரம் வீட்டு ஸ்ப்ளிட் ஏசிகளில் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே குளிரூட்டும்போது மெல்லிய குழாய், தடித்த குழாய் இரண்டுமே சில்லென்று இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியே நுரை உறை போட வேண்டும். மெல்லிய குழாயைத் திறந்தவாறு விட்டாலோ, இரண்டையும் ஒரே உறைக்குள் திணித்தாலோ சுவருக்குள் வியர்த்து, பெயின்ட் உப்பிக்கொள்ளும். குழாய்தான் கசிகிறது என்று தவறாக நினைத்துச் சுவரை உடைப்பவர்கள் உண்டு.

அடுத்த பெரிய நன்மை இன்வெர்ட்டர். வீட்டு ஏசியில் இதை 1981-ல் முதலில் கொண்டுவந்தது ஜப்பானின் தோஷிபா. வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றி, அதிலிருந்து வேண்டிய அதிர்வெண்ணில் மறுபடி மாறுமின்னோட்டம் தயாரித்து, கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுச் சுற்று இது. பழைய ஏசி முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்த பிறகு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஓடினால் ஏன் மிச்சமாகிறது? காயில்களின் பரப்பு குறைவதில்லை; அவை கடத்த வேண்டிய வெப்பம்தான் பாதியாகிறது. அதே பரப்பில் பாதி வெப்பம் என்றால் உள்ளே உள்ள காயில் அவ்வளவு சில்லிட வேண்டாம், வெளியே உள்ள காயில் அவ்வளவு சூடாக வேண்டாம். உதாரணத்துக்கு, முழு வேகத்தில் 10 டிகிரியிலிருந்து 48 டிகிரிக்கு வெப்பத்தை ஏற்ற வேண்டியிருந்தால், பாதி வேகத்தில் 14-லிருந்து 42-க்கு ஏற்றினால் போதும். கிணற்றில் நீர்மட்டம் உயர்ந்தால் இறைப்பது சுலபமாவதைப் போலத்தான். 38 டிகிரி ஏற்றம் 28 டிகிரியாகச் சுருங்கும்போது, அதே அளவு வெப்பத்தை இறைக்க ஆகும் மின்சாரமும் கிட்டத்தட்ட கால் பங்கு இறங்கிவிடுகிறது.

ஆனால் இந்த மெதுவான ஓட்டத்துக்கு ஒரு விலை உண்டு. ஏசி காற்றைக் குளிரவைப்பதோடு ஈரத்தையும் பிழிந்தெடுக்கிறது. புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு 2 லிட்டர் தண்ணீர் வெளியேற்றுவது சாதாரணம். காயில் போதுமான அளவு சில்லென்று இருந்தால்தான் ஈரம் அதன்மேல் படியும். கம்ப்ரஸர் மெதுவாகவும் ஃபேன் வேகமாகவும் ஓடினால் காயில் 16, 17 டிகிரிக்கு வந்துவிடும். அறை 24 டிகிரி காட்டினாலும் உடம்பில் பிசுபிசுப்பு போகாது. அப்போது ரிமோட்டில் வெப்பநிலையை இன்னும் குறைக்காமல் ஃபேன் வேகத்தைக் குறையுங்கள், அல்லது ஈரத்தை நீக்கும் டிரை முறைக்கு மாற்றுங்கள்.

தேவைக்கு மிஞ்சிய டன் வாங்கினாலும் இதே தொல்லைதான். இன்வெர்ட்டரால் ஓரளவுக்குக் கீழே இறங்க முடியாது. இரவில் படுக்கையறைக்குத் தேவை 0.8 கிலோவாட்தான், மிஷினின் குறைந்தபட்சமோ 1.5 கிலோவாட் என்றால், அது பழைய ஏசியைப் போல நின்று நின்று ஓடும். நிற்கும் நேரத்தில் காயிலில் தங்கிய ஈரம் மறுபடி அறைக்கே திரும்பிவிடும். வாங்கும்போது அதிகபட்சத் திறனை மட்டும் பார்க்காமல், தகவல் அட்டையில் குறைந்தபட்சத் திறனையும் கேட்டுப் பாருங்கள். அது எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு நல்லது.

ஆள் இருக்கும் அறையை மட்டும் குளிரவைக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த நன்மை. ஒரே அவுட்டோர் யூனிட்டுடன் நான்கைந்து அறைகளை இணைக்கும் மல்டி ஸ்ப்ளிட் வாங்கும் முன் மட்டும் யோசிக்க வேண்டும். ஓர் அறை மட்டும் ஓடும்போது அந்தப் பெரிய கம்ப்ரஸருக்கு வேலை போதாது. அது பழுதானால் எல்லா அறையும் நின்றுவிடும். வெளியே இடம் இருந்தால் அறைக்கு ஒன்றாகத் தனித்தனி ஏசி வைப்பதே எங்கள் பரிந்துரை. வெளிச்சுவரில் இடமே இல்லாத வீட்டுக்கு மல்டி ஸ்ப்ளிட் சரி.

மேலே சொன்ன மிச்சமெல்லாம் நிலைக்குமா, போகுமா என்பது மிஷினை மாட்டும் அந்த மூன்று மணி நேரத்தில் தீர்மானமாகிறது. முதலில் ஃப்ளேர், அதாவது செம்புக் குழாயின் வாயைக் கூம்பாக விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பு. ஓர் ஏசியில் இப்படி நான்கு இருக்கும். கசிவு பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்கும். குழாயை ரம்பத்தால் அறுக்காமல் டியூப் கட்டரால் வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் எழும் பிசிறைச் சுரண்டும்போது குழாயின் வாய் தரையைப் பார்த்திருக்க வேண்டும். இல்லையேல் செம்புத் துகள் உள்ளே விழுந்து கம்ப்ரஸர் வரை போகும். நட்டை முதலில் குழாயில் கோத்துவிட்டு, பிறகு வாயை விரிக்க வேண்டும். கையாலேயே நான்கைந்து சுற்று சுலபமாக ஏறினால் நேராக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பானர். 6.35 மி.மீ. குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 12.7 மி.மீ. குழாய்க்கு 50 முதல் 62. கைக்கணக்கில் இறுக்குபவர்கள் மெல்லிய குழாயை அளவுக்கு மேல் இறுக்கிவிடுவார்கள். அன்றைக்குக் கசியாது. விளிம்பு மெலிந்துபோய், சில மாத அதிர்வில் விரிசல் விடும்.

அடுத்தது வேக்யூம். புதுக் குழாய்க்குள் காற்றும் ஈரமும் இருக்கின்றன. காற்று காயிலில் தேங்கி அழுத்தத்தைக் கூட்டும். ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, மோட்டார் சுற்றின் பூச்சை அரிக்கும். வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே உள்ள அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (இங்கே இது அழுத்தத்தின் அலகு) கீழே இறக்க வேண்டும். சாதாரணக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான் என்பதால், இது கிட்டத்தட்ட வெற்றிடம். அந்த அழுத்தத்தில் மைனஸ் 20 டிகிரியிலும் ஈரம் ஆவியாகிப் போய்விடும். பிறகு பம்ப்பை அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். எண் ஏறிக்கொண்டே போனால் கசிவு. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம் மிச்சமிருக்கிறது. பம்ப் கொண்டுவராமல், யூனிட்டில் உள்ள காஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை ஊதித் தள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ஈரத்தை எடுக்காது, தொழிற்சாலையில் எடைபோட்டு நிரப்பிய காஸையும் குறைக்கும். ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது என்பதால் ஆபத்தும்கூட. வேக்யூம் பம்ப் இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

அவுட்டோர் யூனிட் தான் தள்ளிய சூடான காற்றைத் தானே மறுபடி உறிஞ்சும் இடத்தில் இருக்கக்கூடாது. காயிலின் வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் மின்செலவு 2, 3 சதவீதம் கூடும். குறுகலான மாடத்தில் முன்னே கம்பித் தடுப்போ மூங்கில் தட்டியோ வைத்து மறைத்தால், 8, 10 டிகிரி ஏறுவது வெகு சுலபம். இன்டோர் யூனிட்டுக்கு மேலே உட்கூரையிலிருந்து 15 சென்டிமீட்டர் விடுங்கள். அது மேலிருந்துதான் காற்றை இழுக்கிறது. தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் பைப் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது தொடர்ந்து சரிந்து இறங்க வேண்டும். நடுவே ஓர் இடத்தில் தொங்கி மேலெழுந்தாலும் அங்கே தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்து, கடைசியில் இன்டோர் யூனிட்டிலிருந்து சுவரில் வழியும்.

இன்டோர் காயிலில் பனி படிந்தால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். தூசி அடைத்துக் காற்று குறைந்தால் காயில் 0 டிகிரிக்குக் கீழே போய் உறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்தாலே இது வராது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும், அவுட்டோர் யூனிட்டின் மெல்லிய குழாய் வால்வில் மட்டும் வெண்பனி பூத்தால் காஸ் குறைந்திருக்கிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: காஸ் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருளே இல்லை. மூடிய சுற்றில் அதே காஸ் பல ஆண்டுகளும் சுற்றும். குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆண்டுதோறும் காஸ் நிரப்பிக்கொண்டு ஓட்டையைத் தேடாமல் விடுவது வீண் செலவு. ஃப்ளேர்களில் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். அங்கே இல்லையென்றால் காயிலில் எறும்புப் புற்றைப் போல உள்ளுக்குள் கிளைபிரியும் நுண்ணரிப்பாக இருக்கலாம். சில பெயின்ட், பசை, துப்புரவுத் திரவங்களிலிருந்து எழும் அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்து செம்பை அப்படி அரிக்கும்.

இந்த ஏசி செய்யாத ஒரு வேலை, புதுக்காற்று கொண்டுவருவது. அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. கதவடைத்த சிறு அறையில் இரண்டு பேர் இரவு முழுதும் தூங்கினால் கார்பன் டை ஆக்சைடு ஏறி, காலையில் தலை கனக்கும். சன்னலை விரல் அளவு திறந்து வைப்பதில் போகும் குளிர்ச்சி பெரிதில்லை.

வீடு மாறும்போது காஸை வெளியே விட்டுவிட வேண்டியதில்லை. அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே சேர்த்து அடைக்கலாம். தெரிந்தவர் கையால்தான் செய்ய வேண்டும். குளிரூட்டும் முறையில் ஓடவிட்டு, முதலில் மெல்லிய குழாயின் வால்வை மூடுவார்கள். மீட்டரில் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வை மூடி, உடனே கம்ப்ரஸரை நிறுத்திவிடுவார்கள். குழாயைக் கழற்றிய பிறகு ஏசியை ஒரு நொடிகூட ஓட்டக்கூடாது. உள்ளே புகுந்த காற்று எண்ணெய்ப் புகையோடு சேர்ந்து அழுத்தப்படும்போது, டீசல் என்ஜினில் நடப்பதைப் போலவே எரிந்து கம்ப்ரஸர் வெடிக்கக்கூடும். புது வீட்டில் பழைய ஃப்ளேர்களை வெட்டிப் போட்டுவிட்டு, நான்கையும் புதிதாக விரித்து, வேக்யூமிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.