கப்பல் கரையில் கட்டியிருக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும்

கடற்படையில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, “நடுக்கடல்ல புயல் அடிச்சா என்ன தம்பி பண்ணுவாங்க?” என்றுதான். நியாயமான பயம். ஆனால் புயலுக்குள் போகிற கப்பலில் அத்தனை பேரும் விழிப்பாக இருப்பார்கள். கதவுகள் மூடியிருக்கும், சாமான்களை இறுக்கிக் கட்டியிருப்பார்கள், அனுமதி இல்லாமல் ஒருவர் மேல்தளத்துக்குப் போக முடியாது. எனக்குக் கவலை வருவது அதே கப்பல் துறைமுகத்துக்குள் வந்து, வடம் கட்டி, பாதிப் பேர் லீவில் ஊருக்குக் கிளம்பிய பிறகு. கடற்படையில் மாலுமியாக இருந்தேன். இப்போது கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வை செய்கிறேன். இரண்டு இடங்களிலும் நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நம் கடற்படையில் நடந்தவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூனில் கார்வாரில் பராமரிப்பில் இருந்த விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவில் நச்சுவாயு கசிந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் மாலுமி, இன்னொருவர் வேலைக்கு வந்த தொழிலாளி. அதே ஆண்டு டிசம்பரில் மும்பையில் உலர்தளத்திலிருந்து (தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் தொட்டி) வெளியே எடுக்கும்போது ஐஎன்எஸ் பெட்வா சரிந்து விழுந்தது. இரண்டு மாலுமிகள் இறந்தார்கள். 2022 ஜனவரியில் மும்பைத் துறைமுகத்தில் நின்றிருந்த ஐஎன்எஸ் ரண்வீரின் உள் அறை ஒன்றில் வெடிப்பு, மூன்று பேர் பலி. 2024 ஜூலையில் மும்பையில் பழுதுபார்ப்பில் இருந்த ஐஎன்எஸ் பிரம்மபுத்ராவில் தீ. தீயைக் கட்டுப்படுத்திய பிறகு கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தேவிட்டது; ஒரு மாலுமி உயிரிழந்தார். இந்த நான்கில் எதிலும் எதிரி இல்லை, புயல் இல்லை, கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஏன் இப்படி? கடலில் இருக்கும் கப்பல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் நிலையில் இருக்கும். நீர்புகாக் கதவுகள் எவை மூடியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. தீயணைப்புக் குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும். ஒவ்வொரு அறையையும் மணிக்கொரு முறை யாராவது சுற்றிப் பார்ப்பார்கள். பழுதுபார்ப்புக்கு வந்தவுடன் இதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. வெல்டிங் கேபிள், கேஸ் ஹோஸ், காற்றுக் குழாய் என்று எல்லாம் கதவு வழியாகத்தான் உள்ளே போகும். அப்புறம் அந்தக் கதவை எப்படி மூடுவது? பம்பைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்பியிருப்பார்கள். வெல்டிங் புகைக்கு அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று புகை உணரியை நிறுத்தியிருப்பார்கள். கப்பலில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஏறிய ஒப்பந்தத் தொழிலாளர்கள். வெளியே போகும் வழியைக்கூட அவர்களுக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

இந்த நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கக் கடற்படையின் பான்ஹோம் ரிச்சர்ட் கப்பலை விட நல்ல பாடம் இல்லை. 2020 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை காலை, சான் டியாகோவில் கட்டியிருந்த கப்பலின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. நான்கு நாளுக்கு மேல் எரிந்தது. கடைசியில் பழுதுபார்க்கவே வேண்டாம், உடைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். விசாரணை அறிக்கை சொன்னது என்ன தெரியுமா? கப்பலுக்குள் ஹோஸும் வால்வும் வைத்திருக்கும் தீயணைப்பு நிலையங்களில் 87 சதவீதம் பயன்படுத்தும் நிலையில் இல்லை. நுரை பீய்ச்சும் அமைப்புக்கு ஒரு பொத்தான் இருந்தது; அதை யாரும் அழுத்தவில்லை. அது எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. உலகின் மிகப் பணக்காரக் கடற்படைக்கே இந்த நிலை.

சரி, அன்றாட வேலைக்கு வருவோம். என் கணக்கில் முதலிடம் மூடிய அறைகளுக்கு. நீர்த்தொட்டி, எண்ணெய்த்தொட்டி, நங்கூரச் சங்கிலி சுருண்டு கிடக்கும் அறை, கழிவுநீர்த் தொட்டி, நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த சாமான் அறை எல்லாம் இதில் சேரும். சங்கிலி அறையில் என்ன ஆபத்து, வெறும் இரும்புதானே என்று கேட்பார்கள். அந்த இரும்புதான் ஆபத்து. ஈர இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த இரும்பறையில் மூச்சுக்கு ஆக்சிஜன் மிஞ்சியிருக்காது. வாடை கிடையாது, புகை கிடையாது, கண் எரியாது. உள்ளே இறங்கியவர் இரண்டு மூன்று மூச்சிலேயே சுருண்டு விழுவார்.

நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அண்மையில் ஒரு தொட்டி மூடியைத் திறந்து, மின்விசிறிக் குழாய் விடுவதற்கு முன் வாயுமானியின் குழாயை உள்ளே இறக்கிப் பார்த்தோம். வாயருகே 20.7. நடுவில் 19.8. அடித்தட்டுக்கு இரண்டு அடி மேலே வந்தபோது 16-க்குக் கீழே இறங்கி, மானி விடாமல் அலற ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் நின்ற பையன், “மூடியைத் திறந்து அரை மணி ஆச்சே சார்” என்றான். மூடியைத் திறப்பதும் காற்றோட்டம் விடுவதும் ஒன்றல்ல. அதனால்தான் மேலே, நடுவே, கீழே என்று மூன்று மட்டத்திலும் அளக்கச் சொல்கிறோம். வாயருகே மட்டும் அளந்து கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு வெறும் காகிதம்தான். வேலை நடக்கும் நேரமெல்லாம் மானி உள்ளே இருப்பவரின் சட்டையில் மாட்டியிருக்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டி என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை வாடை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கொஞ்சமாக இருக்கும்போதுதான் அந்த வாடை. அளவு நூறு பிபிஎம்மை, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. “இப்ப வாடை போயிடுச்சு, இறங்கலாம்” என்று நினைக்கும் நேரம்தான் உயிர் போகும் நேரம். 2016-ல் விக்ரமாதித்யாவில் விபத்து நடந்ததும் கழிவுநீர் சுத்திகரிப்பு அறையில்தான். நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவரைத் தூக்கப் போன அண்ணன், அவரைத் தூக்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாகச் செத்த செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். கப்பலிலும் அதே கதைதான். மேலே காவலுக்கு நிற்பவர் எந்தக் காரணத்துக்கும் உள்ளே இறங்கக் கூடாது. அவர் வேலை குரல் கொடுப்பது, ஆள் திரட்டுவது, மூச்சுக்கருவி போட்ட குழு வரும்வரை காற்றை உள்ளே அனுப்பிக்கொண்டே இருப்பது. கண்ணெதிரே தோழன் விழுந்து கிடக்கும்போது இறங்காமல் நிற்பது கொடுமையான காரியம். எனக்குத் தெரியும். ஆனாலும் நிற்கத்தான் வேண்டும்.

வடிகட்டி வைத்த முகமூடி ஆக்சிஜன் தராது. இருக்கிற காற்றைச் சலித்துத் தரும், அவ்வளவுதான். தப்பிப்பதற்கென்று மாட்டி வைத்திருக்கும் சிறிய மூச்சுப் பையில் பத்துப் பதினைந்து நிமிடக் காற்று இருக்கும். அதை மாட்டிக்கொண்டு வெளியே வரலாம், உள்ளே போகக் கூடாது.

அடுத்தது வெல்டிங், கட்டிங். 1976 செப்டம்பரில் இங்கிலாந்தின் டைன் நதிக்கரைத் தளத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த எச்எம்எஸ் கிளாஸ்கோ போர்க்கப்பலில் எட்டுத் தொழிலாளர்கள் கருகிச் செத்தார்கள். இரவு முழுக்க ஒரு ஹோஸிலிருந்து ஆக்சிஜன் கசிந்து அறையில் நிறைந்திருந்தது. காலையில் வெல்டிங் தொடங்கியபோது பற்றிக்கொண்டது. ஆக்சிஜன் எரியாது, எரிய வைக்கும். அது கூடிவிட்ட அறையில் போட்டிருக்கும் சட்டையே திரிபோலப் பிடித்துக்கொள்ளும். அதனால் சாப்பாட்டுக்குப் போகும்போதும், ஷிஃப்ட் முடியும்போதும் வால்வை மூடினால் போதாது. ஹோஸையே அறையை விட்டு மேல்தளத்துக்கு இழுத்துவிட வேண்டும். “திரும்ப வந்து மறுபடியும் இழுக்கணுமே” என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்னொன்று, இரும்புச் சுவரின் இந்தப் பக்கம் வெல்டிங் செய்தால் அந்தப் பக்கமும் சூடேறும். அந்தப் பக்கம் மெத்தை அடுக்கியிருக்கலாம், பெயின்ட் டப்பா இருக்கலாம், கேபிள் ஓடலாம். எனவே சுவரின் இரு பக்கமும் தீக்காவலர் வேண்டும். வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஒரு மூலையில் விழுந்த பொறி உடனே எரியாது, கனன்றுகொண்டே இருந்து எல்லோரும் போன பிறகு கிளம்பும். தீக்காவலுக்கு வேலை தெரியாத புதுப் பையனைப் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தீயணைப்பானை எடுத்து ஒருமுறையாவது அடித்துப் பார்த்தவரைத்தான் அங்கே நிறுத்த வேண்டும்.

தீயை அணைக்கும்போது மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு: ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது? 1942 பிப்ரவரியில் நியூயார்க்கில் நார்மண்டி என்ற பெரிய பயணிகள் கப்பலை அமெரிக்கக் கடற்படை படைவீரர் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தது. கட்டிங் டார்ச் பொறி குவித்து வைத்திருந்த உயிர்காப்பு அங்கிகளில் விழுந்து தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகளும் படகுகளும் தண்ணீரை வாரி இறைத்தன. தீ அடங்கியது. மறுநாள் அதிகாலைக்குள் கப்பல் கட்டிய இடத்திலேயே கவிழ்ந்தது. ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு நானூறு, ஐநூறு லிட்டர் என்றாலும் மணிக்கு இருபத்தைந்து டன் ஆகிறது. நான்கு ஹோஸ், ஆறு மணி நேரம் என்றால் அறுநூறு டன். அதுவும் கப்பலின் மேல்தட்டுகளில். தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தால் எல்லாம் அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். அகலமான அறையில் முழங்கால் அளவு தண்ணீர் செய்வதும் அதையேதான். ஆகவே முதல் ஹோஸைத் திறக்கும்போதே ஒருவர் சாய்மானியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், இன்னொரு குழு தண்ணீரை வெளியேற்றத் தொடங்கிவிட வேண்டும். எவ்வளவு சாய்ந்தால் உள்ளே இருப்பவர்களை வெளியே எடுப்பது என்பதை முன்னாலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

இனி வடம். கப்பல் கரை சேரும் அந்தக் கால் மணி நேரம் அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், நிற்பவர்களைப் பாருங்கள். ஊர் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கவனம் கரையில் இருக்கும். நைலான் வடம் அறுவதற்கு முன் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நீளம் கூடுதலாக நீளும். அறுந்தால் அவ்வளவு சக்தியும் ஒரே நொடியில் திரும்பி வரும். கண்ணால் பார்த்து ஒதுங்க நேரம் இருக்காது. காலை ஒடித்துவிடும், தலையில் பட்டால் அங்கேயே முடிந்தது. வடம் திருப்பி அடிக்கும் இடம் என்று தளத்தில் சில கப்பல்களில் கோடு போட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கோட்டில் நம்பிக்கை இல்லை. வடம் கொக்கித்தூணிலோ வழிகாட்டி உருளையிலோ திரும்பிப் போகும்போது அடிக்கும் திசையும் மாறும். இழுவை ஏறிய நேரத்தில் அணியம் முழுவதுமே ஆபத்தான இடம்தான். வேலை இல்லாதவர் யாரும் அங்கே நிற்க வேண்டாம், போட்டோ எடுக்கவும் வேண்டாம். வளைந்து கிடக்கும் கயிற்றுக்குள் கால் வைக்கக் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும். மோதிரம் மாட்டினால் விரலின் சதை உரிந்துபோகும். கல்யாண மோதிரம் என்று கழற்ற மறுத்த பையன்களிடம் இதை அப்படியே சொல்லித்தான் கழற்ற வைத்திருக்கிறேன்.

கட்டிய பிறகும் வடத்தை மறக்க முடியாது. மும்பையில் ஓதத்தால் கடல்மட்டம் ஏறி இறங்கும் உயரம் சில நாள்களில் நான்கு மீட்டரைத் தாண்டும். கொச்சியில் ஒரு மீட்டர் அளவுதான். கொச்சியில் பழகியவர் மும்பையில் இரவு டூட்டியில் தூங்கினால், காலையில் வடம் இரும்புபோல விறைத்திருக்கும், ஏறும் பலகை செங்குத்தாக நிற்கும்.

மேலே கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன் ராடாரை நிறுத்தி அதன் சாவியை ஏறுபவரே சட்டைப்பையில் வைத்துக்கொள்வது, நீரில் மூழ்காளி இறங்குவதற்கு முன் சுழலியையும், நீருக்குள் ஒலி அனுப்பும் சோனாரையும் பூட்டுவது இதெல்லாம் பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. விளைவு உடனே தெரியும் என்பதால் பயம் இருக்கிறது.

சில்கா கடற்படைப் பயிற்சித் தளத்தில் பயிற்சி முடித்து முதல் கப்பலுக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். முதல் இரவே படுக்கையிலிருந்து மேல்தளம் வரை கண்ணை மூடிக்கொண்டு, கையால் சுவரைத் தடவியபடி போய்ப் பாருங்கள். எத்தனை படி, எந்தப் பக்கம் கதவு, கைப்பிடி எந்தத் திசையில் திறக்கும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். புகை வந்தால் கண் உதவாது. இரண்டாவது வழியையும் அப்படியே பழகுங்கள். வடம் இழுக்கும்போதோ தொட்டியில் இறங்கும்போதோ ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் “நிறுத்து” என்று கத்துங்கள். அந்த ஒரு உத்தரவுக்குப் பதவி தேவையில்லை.

கப்பல் அதிகாரிகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தீயணைப்புப் பயிற்சியை எல்லோரும் இருக்கும் செவ்வாய், புதன் காலையில் வைக்காதீர்கள். ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்து, டூட்டியில் உள்ளவர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் வையுங்கள். கரை மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, முதல் ஹோஸில் தண்ணீர் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பழுதுபார்ப்புக் காலத்தில் வாரம் ஒருமுறையாவது இதைச் செய்தால், எந்தக் கதவு கேபிளால் மூட முடியாமல் கிடக்கிறது, எந்தக் குழாயில் அழுத்தம் இல்லை என்ற பட்டியல் திங்கள் காலைக் கூட்டத்துக்கு முன் உங்கள் மேசையில் இருக்கும்.