விளையாட்டு, பொழுதுபோக்கு, உடற்கல்வி: எந்தச் சொல் எங்கே?

‘ஸ்போர்ட்’ பிறந்தபோது அதில் பந்தும் இல்லை, பரிசும் இல்லை. இலத்தீனில் ‘போர்டாரே’ என்றால் சுமத்தல். முன்னே ‘டே’ சேர்ந்தால் அப்பால் சுமந்து போதல். பழைய பிரெஞ்சு வழியாக அது ‘டிஸ்போர்ட்’ என ஆங்கிலத்துக்கு வந்தபோது, மனத்தைக் கவலையிலிருந்து விலக்கிக் கொண்டுபோகும் எதுவும் அதற்குள் அடங்கியது. கேலிப் பேச்சும் ஸ்போர்ட், வேட்டையும் ஸ்போர்ட். 15ஆம் நூற்றாண்டில் முதலசை தேய்ந்து இன்றைய வடிவம் நின்றது.

தமிழுக்கும் இதே எண்ணம் தெரியும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் இடங்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கைச் சொல்லி, அந்த உவகைக்கு ‘அல்லல் நீத்த’, அதாவது துன்பம் நீங்கிய, என்று அடை கொடுக்கிறது. அதே நூலின் உரியியலோ ‘கெடவரல்’, ‘பண்ணை’ இரண்டும் விளையாட்டைக் குறிக்கும் என்கிறது. முன்னது வழக்கொழிந்தது, பின்னது வயற்காட்டுக்குக் குடிபோய்விட்டது. ‘விளை’ என்பதற்கு விருப்பம் என்று பொருள் கொண்டு, விரும்பி ஆடுவதே விளையாட்டு என்று பிரித்துக் காட்டுவதுண்டு. ‘விளையாட்டாகச் சொன்னேன்’, ‘விளையாட்டுப் பிள்ளை’ என்ற வழக்குகளில் அந்தப் பழைய இலேசு இன்னும் இருக்கிறது.

ஆகவே பழைய ஸ்போர்ட்டுக்கு ‘விளையாட்டு’ அச்சொட்டான சொல். சிக்கல் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு பள்ளியும் தன் வழக்கப்படி பந்து விளையாடியது. ஓரிடத்தில் கையால் பிடிக்கலாம், இன்னோரிடத்தில் கூடாது. இரு தரப்பும் ஒரே களத்தில் இறங்க முடியவில்லை. 1863இல் லண்டனில் அமைந்த கால்பந்துச் சங்கம் பொது விதிகளை எழுதியது. விதி, நடுவர், பதிவேடு, கூட்டமைப்பு எனப் பிற ஆட்டங்களும் இப்படியே கட்டுக்குள் வந்தன. இந்தப் பொருளைத் தனியே சுட்ட வேண்டிய இடத்தில் ‘போட்டி விளையாட்டு’ என்பதே தெளிவு. ஒரு முறை ஆடி முடிப்பது ‘ஆட்டம்’.

‘ரிக்ரியேஷன்’ வேறு குடும்பம். மறுபடி உண்டாக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலத்தில் தொடக்கத்தில் நோயாளி தேறுவதைக்கூடக் குறித்தது. ‘பொழுதுபோக்கு’ என்ற நம் சொல்லில் அந்தத் தேறுதல் இல்லை, நேரம் கழிவது மட்டுமே தெரிகிறது. திரைப்படம் பார்ப்பது, தபால்தலை சேர்ப்பது, மாலை நடை எல்லாம் அதற்கு ஒன்றுதான். ‘கேளிக்கை’ இன்னும் விலகி, காசு கொடுத்துப் பார்க்கும் நிகழ்ச்சிகளின் பக்கம் சாய்கிறது. ‘மீள்படைப்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது தவறு. அது கலைப்பொருளை மறுபடி செய்வதாகிவிடும். பேச்சுக்குப் பொழுதுபோக்கு போதும். முதியோர் இல்லம், மருத்துவமனை, பணியிடம் போன்ற இடங்களின் திட்டங்களில் ‘புத்துணர்வுச் செயல்பாடு’ என்று எழுதுவதே என் தேர்வு. எதற்காகச் செய்கிறார்கள் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

பெருங்குழப்பம் உடற்கல்வியில்தான். பெர்லினில் 1811இல் ஃபிரீட்ரிஷ் லுட்விக் யான் என்ற ஜெர்மானிய ஆசிரியர் திறந்தவெளிப் பயிற்சிக் களம் அமைத்தார். ஸ்டாக்ஹோமில் 1813இல் பேர் ஹென்ரிக் லிங் என்ற சுவீடன்காரர் ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கி, உடற்பயிற்சியைக் கல்வி, படை, மருத்துவம், அழகியல் என நான்காகப் பகுத்தார். கல்வியையும் படையையும் அவர் பிரித்து வைத்தாலும் பள்ளிகளில் பெரும்பாலும் படைக்கூறே ஓங்கியது. வரிசை, கட்டளை, எண்ணிக்கை. ‘டிரில்’ என்ற பெயர் அதன் எச்சம். ‘பி.டி.’ என்பதில் உள்ள ‘டி’யும் ‘டிரெயினிங்’, அதாவது பயிற்சிதான், கல்வி அன்று.

நீச்சலை வைத்துப் பார்த்தால் வேறுபாடு பிடிபடும். ஆற்றைக் கடக்க நீந்துவது உடலியக்கம். வாரம் மூன்று நாள், இத்தனை சுற்று என்று திட்டமிட்டு நீந்துவது உடற்பயிற்சி. களைப்பு நீங்க, மனம்போல் நீந்துவது புத்துணர்வுச் செயல்பாடு. கடிகாரத்தோடும் எதிராளியோடும் நீந்துவது போட்டி விளையாட்டு. மூச்சு விடும் முறை, கைவீச்சு, நீரில் அடுத்தவர் பாதுகாப்பு ஆகியவற்றைக் கற்பித்து, கற்றதைச் சோதிப்பது உடற்கல்வி. யுனெஸ்கோ 1978இல் வெளியிட்ட பன்னாட்டுச் சாசனத்தின் பெயரில் உடற்கல்வியும் விளையாட்டும் மட்டுமே இருந்தன. 2015 திருத்தத்தில் நடுவே உடலியக்கமும் சேர்ந்தது. மொழிபெயர்ப்பவர் மூன்றையும் ‘விளையாட்டு’ என்று முடித்துவிட்டால் அந்தத் திருத்தமே காணாமல் போகும்.

சொல் மயங்கினால் வகுப்பும் மயங்கும். 40 மாணவர், 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பந்தைக் கொடுத்து ‘போய் விளையாடுங்கள்’ என்றால் 22 பேர் ஆடுவார்கள், 18 பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆடும் 22 பேரிலும் பந்து சுற்றுவது கெட்டிக்காரர் சிலரிடமே. தோற்றவர் வெளியேறும் ஆட்டம் வைத்தால் பயிற்சி மிகவும் தேவைப்படுபவரே முதலில் ஓரமாக நிற்பார். உடற்கல்வி வகுப்பென்றால் உடலைச் சூடேற்ற 5 நிமிடம், நாலு பேருக்கு ஒரு பந்தாக 10 பந்துகளோடு பந்து கடத்தும் திறனுக்கு 15 நிமிடம், ஐவருக்கு ஐவராக நான்கு சிறு களங்களில் ஆட 15 நிமிடம், தணிக்க 5 நிமிடம் என்று பிரிக்கலாம். யாரும் உட்கார மாட்டார்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தபடி 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மிதமானது முதல் தீவிரமானது வரையான உடலியக்கம் வேண்டும்; ஓரத்தில் உட்கார்ந்த நேரம் அந்தக் கணக்கில் சேராது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. ‘விளையாட்டு’ வன்றொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்து, குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடியும் சொல்) என்பதால் பின்னால் வல்லினம் மிகும்: விளையாட்டுத் துறை, விளையாட்டுப் போட்டி, விளையாட்டுக் களம். விளையாட்டு வீரர் என்பதில் மிகாது. உடல் + கல்வி, உடற்கல்வி ஆகும், ‘உடல்கல்வி’ பிழை. ஓட்டம், தாண்டுதல், எறிதல் அடங்கிய பிரிவுக்குத் தமிழ்நாட்டில் ‘தடகளம்’, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘திடல்தடம்’, இலங்கையில் ‘மெய்வல்லுநர் போட்டி’ என்று வழங்குகிறது. முதல் இரண்டும் ஓடுதடத்தையும் களத்தையும் பார்க்கின்றன. மூன்றாவது ஆளைப் பார்க்கிறது.