பழைய போர்ஷேவுக்கு உதிரிபாகம்: பெட்டியைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள்

987 வகை பாக்ஸ்டர், கேமன் கார்களும் 997 வகை 911 கார்களும் புதிதாக விற்ற விலையில் ஒரு பங்குக்கே இன்று கைமாறுகின்றன. ஆனால் வாட்டர் பம்போ, முன்சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மோ பழுதானால், அதற்குக் கேட்கப்படும் தொகை காரின் அன்றைய விலைக்கு ஏற்றதாக இருக்கிறதே தவிர, இன்றைய விலைக்கு ஏற்றதாக இல்லை. சென்னையில் இத்தகைய கார்களைப் பழுதுபார்க்கும் எங்களிடம் வருகிறவர்கள், எஸ்டிமேட்டைப் பார்த்ததும் "டூப்ளிகேட் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்பது இதனால்தான்.

கம்பெனிப் பெட்டியில் வரும் பாகத்துக்கும் டூப்ளிகேட்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. போர்ஷே எல்லாப் பாகங்களையும் தானே தயாரிப்பதில்லை. கிளட்சை சாக்ஸும், ஆயில் ஃபில்டரை மாஹ்லேயும், பிரேக் பேடை டெக்ஸ்டார், பாகிட் போன்ற நிறுவனங்களும் செய்துகொடுக்கின்றன. அவை தங்கள் சொந்தப் பெட்டியில் விற்கும் அதே பாகம் பெரும்பாலும் கணிசமாக விலை குறைவாகக் கிடைக்கிறது. சிலவற்றில் போர்ஷே சின்னம் இருந்த இடம் மட்டும் அரைத்து அழிக்கப்பட்டிருப்பதை விரலால் தடவினாலே உணரலாம்.

இப்படி வாங்குவதற்கு முதலில் தேவைப்படுவது பாக எண். இந்தக் கார்களுக்குரிய எண் 11 இலக்கங்கள் கொண்டது. வாட்டர் பம்பின் 996.106.011 என்ற தொடக்கத்தை எடுத்துக்கொண்டால், முதல் மூன்று இலக்கங்கள் அந்தப் பாகம் எந்த வகைக் காருக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதையும், அடுத்த மூன்று அது எப்பகுதியைச் சேர்ந்தது என்பதையும், கடைசியில் வரும் இரண்டு பெரும்பாலும் பிந்தைய திருத்தத்தையும் குறிக்கும். ஆகவே 987 காருக்கு 996 (997-க்கு முந்தைய 911 வகை) அல்லது 997 என்று தொடங்கும் எண் வந்தால் மிரள வேண்டியதில்லை. இவ்வகைகளுக்கிடையே பொதுவான பாகங்கள் நிறைய உண்டு. எண்ணைச் சேசிஸ் எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே விலை கேளுங்கள். முன்பக்க மூடியின் அடியிலும் சர்வீஸ் புத்தகத்திலும் ஒட்டப்பட்டுள்ள ஆப்ஷன் குறியீடுகளையும் (காரோடு கூடுதலாகக் கேட்டு வாங்கிய வசதிகளின் எண்கள்) பாருங்கள்: அதில் 450 என்று இருந்தால் கார் செராமிக் பிரேக்குடன் வந்தது என்று பொருள், அதற்குரிய டிஸ்க்கும் பேடும் வேறு.

வாட்டர் பம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு என்ற பெயரில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 2008 வரை இந்தக் கார்களில் வந்த எம்96, எம்97 எஞ்சின்களில் கம்பெனிப் பம்பின் இறக்கைச் சக்கரம் பிளாஸ்டிக்கால் ஆனது. அது நாளடைவில் உடைந்து, துண்டுகள் கூலன்ட் பாதைகளில் போய் அடைத்துக்கொள்ளும். இதைக் காரணம் காட்டி, உலோகச் சக்கரம் வைத்த மலிவான பம்பை "இது உடையாது" என்று விற்கிறார்கள். உண்மைதான், உடையாது, ஆனால் பம்பின் பேரிங் தேய்ந்து ஆட்டம் கண்டதும் அந்த உலோகச் சக்கரம் எஞ்சின் பிளாக்கின் உட்சுவரையே சுரண்டத் தொடங்கும், பிறகு பேச்சு பம்பின் விலையைப் பற்றியதாக இராது. பெயர் பெற்ற தயாரிப்பாளரின் பிளாஸ்டிக் சக்கரப் பம்பை வாங்கி, அது சத்தம் போடும்வரை காத்திராமல் உரிய காலத்தில் மாற்றிவிடுவதே என் பரிந்துரை.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறவர்கள் எந்த நாடு என்பதையும் கவனிக்க வேண்டும். எஞ்சின் பாகங்கள் எங்கிருந்து வந்தாலும் பொருந்தும். ஆனால் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ கழற்றிய ஹெட்லைட் வலப்புறமாக ஓட்டும் சாலைக்கானது. நம் சாலையில் எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைக்கும். ஸ்டீயரிங் ரேக், வைப்பர் இணைப்பு போன்றவற்றிலும் இச்சிக்கல் உண்டு. பயன்படுத்திய பாகமாயின் பிரிட்டனில் உடைக்கப்பட்ட காரினுடையதே நமக்குத் தோது. கூரியர், சுங்க வரி, ஜி.எஸ்.டி. ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டே ஆர்டர் செய்யுங்கள்; பம்பர் போன்ற இடமடைக்கும் பாகத்துக்கு எடையை வைத்தல்லாமல் அளவை வைத்தே கூரியர்க் கட்டணம் போடுவார்கள். புதுப்பித்த பிரேக் கேலிப்பர்களுக்குப் பழையதைத் திருப்பித் தந்தால்தான் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். இங்கிருந்து திருப்பி அனுப்புவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடுவதை நான் குறை சொல்லமாட்டேன். கண்ணாடி, கதவுக் கைப்பிடி, இருக்கை, உள் அலங்காரப் பாகங்கள் போன்றவற்றை அங்கு வாங்கலாம், பில் கேட்டு வாங்குங்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் வாங்கியவரும் பதில் சொல்ல நேரும். எஞ்சின் கன்ட்ரோல் யூனிட் போன்ற மின்னணுப் பெட்டிகள் கழற்றிய காரோடு குறியீட்டால் பிணைக்கப்பட்டவை என்பதால், மலிவாகக் கிடைத்தாலும் உங்கள் காரில் உயிர் பெறாமல் போகலாம். ஏர்பேக், சீட் பெல்ட், கன்ட்ரோல் ஆர்ம், பிரேக் டிஸ்க் ஆகிய நான்கையும் பயன்படுத்தியதாக நாங்கள் பொருத்துவதில்லை, வாடிக்கையாளரே கொண்டுவந்து கொடுத்தாலும்.

பிரேக்கில் நியாயமாக மிச்சப்படுத்த வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எச்சரிக்கை விளக்கு எரியும் முன்பே பேடை மாற்றினால், தேயாத சென்சார் ஒயர்களை மறுபடியும் பயன்படுத்தலாம். டிஸ்க்கிலேயே அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்கை மைக்ரோமீட்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் இருந்து, விரிசலும் இல்லையென்றால், பேடு மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கையும் மாற்ற வேண்டியதில்லை.