ஸ்நேர் டிரம் ஏன் சீறுகிறது? வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒலி

ஜாஸும் ராக்கும் வாசிக்கக் கற்றுவரும் வாசகர் ஒருவர், தம் கையிலுள்ள பணம் ஒரே ஒரு ஸ்நேர் டிரம்முக்குத்தான் போதும் என்றும், மரத்தாலானதை வாங்குவதா உலோகத்தாலானதை வாங்குவதா என்று முடிவு செய்ய முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கருவி எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மரமா உலோகமா என்ற கேள்வியே பின்னுக்குப் போய்விடும் என்பதால், முதலில் கருவிக்குள் சென்று பார்ப்போம்.

ஸ்நேர் டிரம் என்பது இருபுறமும் தோல் பூட்டிய ஓர் உருளை. தோல் என்று நாம் சொன்னாலும், கன்றுத் தோலின் இடத்தை 1950-களின் பிற்பகுதியிலேயே பாலியெஸ்டர் படலம் பிடித்துவிட்டது. குச்சியால் அடிக்கும் மேல்தோல் பொதுவாகக் கால் மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. கீழ்த்தோலின் தடிமன் ஏறத்தாழ 0.076 மில்லிமீட்டர்தான், அதாவது ஒரு தலைமயிரின் அளவு. அந்தக் கீழ்த்தோலின் வெளிப்புறத்தை ஒட்டி, சுருள் சுருளாக முறுக்கிய எஃகுக் கம்பிகள், வழக்கமாக 20, ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இவையே ஸ்நேர் கம்பிகள். பக்கவாட்டில் உள்ள ஸ்ட்ரெய்னர் என்னும் நெம்புகோலைத் தட்டினால் கம்பிகள் தோலை விட்டு இறங்கிவிடும். அதிலுள்ள குமிழைத் திருகினால் கம்பிகளின் இறுக்கம் கூடும் அல்லது குறையும்.

இறுக்கிக் கட்டிய வட்டப் படலம் எவ்வாறெல்லாம் அதிரும் என்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1877-இல் தொடங்கி வெளியிட்ட ஒலியியல் நூலிலேயே விரிவாகக் காணலாம். கம்பி வாத்தியத்தில் மேல்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4 மடங்குகளாக அமைகின்றன. வட்டப் படலத்திலோ அவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்ற மடங்குகளாக வருகின்றன. டிரம்மின் ஒலியில் தெளிவான சுரம் கேட்காததற்கு முதன்மைக் காரணம் இதுவே. தோலின் நடுவில் அடித்தால் 1.59 மடங்கு அதிர்வு எழுவதே இல்லை, ஏனெனில் நடுப்புள்ளி அந்த அதிர்வின் அசையாக் கோட்டில் இருக்கிறது. விளிம்பை நோக்கி நகர நகர அது எழுந்து, வாசிப்பவர்கள் ‘ரிங்’ என்று குறிப்பிடும் நீண்ட ரீங்காரமாகக் கேட்கும்.

இனி உள்ளே அடைபட்டிருக்கும் காற்றைக் கவனிப்போம். 14 அங்குல விட்டமும் 5.5 அங்குல ஆழமும் கொண்ட டிரம்முக்குள் இருக்கும் காற்றின் நிறை ஏறத்தாழ 16 கிராம். கீழ்த்தோலின் நிறையோ ஏறத்தாழ 10 கிராம்தான். கீழ்த்தோலை அசைக்கும் காற்று அந்தத் தோலைவிடக் கனமானது என்பதை முதன்முறை கணக்கிட்டுப் பார்த்தபோது, விடையை நம்பாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இந்தக் காற்றை இரு தோல்களுக்கும் இடையே வைத்த சுருள்வில் என்று கொள்ளலாம். இரு தோல்களும் ஒரே திசையில் சேர்ந்து அசையும்போது காற்று நசுங்காமல் உடன் செல்லும். அந்த அதிர்வெண் தாழ்வாக இருக்கும். எதிரெதிர்த் திசையில் அசையும்போது காற்று நசுங்கி எதிர்க்கும். அந்த அதிர்வெண் உயர்வாக இருக்கும்.

கம்பிகளை இறக்கிவிட்டு இந்த டிரம்மை அடித்தால் ‘டும்’ என்ற வெற்று ஒலி வரும். நெம்புகோலை ஏற்றியதும் அதே அடி ‘ஸ்’ என்று சீறுகிறது. கம்பி தோலில் ஒட்டியிருப்பதால் அது கூடவே அதிர்ந்து ஓசை தருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒட்டியிருக்கும் வரை கம்பி எந்தச் சீறலையும் தராது. தோலுக்குச் சற்று எடை கூட்டும், அவ்வளவே. கம்பி தோலை விட்டு விலகி, திரும்பி வந்து மோதும்போதுதான் சீறல் பிறக்கிறது.

முறத்தில் தானியம் புடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முறத்தை மெல்ல ஏற்றி இறக்கினால் தானியம் முறத்தோடே ஏறி இறங்கும். முறம் கீழிறங்கும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைத் தாண்டிய கணத்தில்தான் தானியம் முறத்தை விட்டு எழும்புகிறது. ஸ்நேர் டிரம்மில் திசை தலைகீழ். புவியீர்ப்பின் இடத்தில் கம்பியின் இழுவிசை நிற்கிறது. கீழ்த்தோல் கீழ்நோக்கி வீங்கும்போது கம்பிகளையும் தள்ளிக்கொண்டு போகிறது. வீச்சின் எல்லையை அடைந்ததும் தோல் சட்டென்று மேல்நோக்கித் திரும்புகிறது. கம்பியும் உடன் திரும்ப வேண்டுமானால், அதன் இழுவிசை அந்த அளவு முடுக்கத்தைத் தர வேண்டும். தர முடியாவிட்டால் தோல் முன்னே போய்விடும். கம்பி பின்தங்கி விலகும். அடுத்த வீச்சில் தோல் மீண்டும் கீழே வரும்போது, தாமதமாக மேலே திரும்பிக்கொண்டிருக்கும் கம்பி எதிரே வந்து மோதும்.

எவ்வளவு முடுக்கம் என்று பார்த்துவிடுவோம். தோல் நொடிக்கு 200 முறை, 0.1 மில்லிமீட்டர் வீச்சில் அதிர்வதாகக் கொண்டால், அதன் உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு. வீச்சு அதில் பத்தில் ஒரு பங்கானால் முடுக்கமும் பத்தில் ஒரு பங்காகி, 1.6 மடங்காகக் குறைந்துவிடும். ஆகவே இங்கே ஒரு வாசல் இருக்கிறது: முடுக்கம் அதைத் தாண்டாத வரை கம்பி பேசாது, தாண்டிய மறுகணமே சீறும். கம்பியை இறுக்கினால் வாசல் உயரும், தளர்த்தினால் தாழும். இயற்பியலாளர் தாமஸ் ராசிங்கும் உடனாளர்களும் ஸ்நேர் டிரம்மின் ஒலியியலைப் பற்றி 1992-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த விலகலும் மோதலும் தெளிவாக விளக்கப்பட்டுள்ளன.

ஒவ்வொரு மோதலும் மிகக் குறுகிய நேரமே நீடிக்கிறது. மோதல் குறுகக் குறுக, அதில் அடங்கும் அதிர்வெண்களின் பரப்பு விரியும் என்பது இயற்பியல் விதி. அதனால்தான் 200 ஹெர்ட்ஸில் அசையும் தோலிலிருந்து பல ஆயிரம் ஹெர்ட்ஸ்வரை எட்டும் சீறல் கிளம்புகிறது. மோதல்களும் சீரான இடைவெளியில் நிகழ்வதில்லை. அதிரும் தட்டின்மேல் துள்ளும் பந்து, ஒழுங்கின்மைக் கோட்பாட்டைக் கற்பிக்கும்போது தவறாமல் காட்டப்படும் எடுத்துக்காட்டு. இங்கே துள்ளுவது ஒரு பந்து அல்ல. 20 கம்பிகள், ஒவ்வொன்றும் தன் நீளமெங்கும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு கணத்தில் விலகி மோதுகின்றன. அந்தக் குழப்பத்தின் மொத்தத்தையே நம் காது ஒரே மென்மையான ‘ஸ்’ ஆகக் கேட்கிறது. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காத நிகழ்வு இது.

இதை நேரில் காண ஒரு பென்சில் போதும். மேல்தோலின் விளிம்போரம் பென்சிலின் பின்முனையால் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் விசையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சீறல் மறைந்து வெறும் தோலின் ‘டொக்’ மட்டும் மிஞ்சும். இப்போது ஸ்ட்ரெய்னரின் குமிழைக் கால் சுற்று தளர்த்திவிட்டு அதே விசையில் தட்டினால் சீறல் திரும்பி வரும். வாசல் நகர்ந்ததை உங்கள் காதாலேயே கேட்டுவிட்டீர்கள். ஒத்திகை அறையில் பேஸ் கிட்டார் குறிப்பிட்ட ஒரு சுரத்தைத் தொடும்போதெல்லாம் யாரும் தொடாத ஸ்நேர் டிரம் தானாகச் சீறுவதும் இதே காரணத்தால்தான். ஒருமுறை அந்தத் தொல்லைக்காகக் கம்பியை இறுக்கிக்கொண்டே போய், கடைசியில் என் மெல்லிய அடிகள் அனைத்தும் ஊமையாகிவிட்டன. பிறகு இரு தோல்களின் இறுக்கத்தையும் சற்று மாற்றியதும், பேஸின் அந்தச் சுரத்திலிருந்து டிரம்மின் அதிர்வெண் விலகி, தொல்லை அடங்கியது.

இசைக்கருவி ஒலியியலுக்கு ஆய்வு நிதி கேட்டால் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் மனப்போக்கு பரவலாக இருக்கிறது. அது தவறு என்பது என் உறுதியான கருத்து. பற்சக்கரங்கள் கடகடப்பதும், வெப்பப் பரிமாற்றியின் குழாய்கள் தம் தாங்கிகளில் மோதித் தேய்வதும் இதே விலகி மோதும் அதிர்வுதான். எளிய கருவியில் அதை அறிந்துகொள்வது வீண் செலவாகாது.

இந்த வாசலை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த இசைக்கு எந்த டிரம் என்பது புரியத் தொடங்கும். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ராவெல் 1928-இல் இயற்றிய பொலேரோ என்னும் சிம்பொனி இசைக்குழுப் படைப்பில் ஸ்நேர் டிரம் ஒரே தாளக்கட்டை 169 முறை வாசிக்கிறது. அதுவும் காதுக்கு எட்டியும் எட்டாத மென்மையில் தொடங்குகிறது. அங்கே வாசல் மிகத் தாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே சிம்பொனி இசைக்குழுக்களுக்கான டிரம்களில் கம்பிகளை நுணுக்கமாகத் திருத்தும் அமைப்பு இருக்கும். ஜாஸிலும் மென்மைதான் உயிர். அத்துடன் குச்சிக்குப் பதில் பயன்படுத்தும் மெல்லிய கம்பிக் கற்றையான பிரஷ் உராய்ந்து ஒலி எழுப்ப வேண்டுமென்பதால் மேல்தோலில் சொரசொரப்பான பூச்சு தேவை; அது ஒற்றைப் படலமாக இருப்பது வழக்கம். ராக் இசையில் அடி பலமானது. வாசலைத் தாண்டுவது ஒரு பொருட்டே அல்ல. அங்கே கீழ்ச்சுரத்தின் கனமும், தோலைச் சுற்றியுள்ள வளையமான ரிம்மையும் தோலையும் ஒருசேர அடிக்கும் ரிம்ஷாட்டின் வெடிப்பும் வேண்டும் என்பதால், 6.5 அங்குல ஆழமும் இரட்டைப் படல மேல்தோலும் பொருந்தும். லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம் கலைஞர் ஜான் போனம் பயன்படுத்திய, லட்விக் நிறுவனத்தின் புகழ்பெற்ற டிரம் 14 அங்குல விட்டமும் 6.5 அங்குல ஆழமும் கொண்ட அலுமினியக் கருவி. ஃபங்க், ரெக்கே போன்றவற்றில் தோலை உயர இறுக்கிக் கூர்மையாக ஒலிக்கச் செய்வார்கள். 12, 13 அங்குல விட்டம் அதற்கு எளிதாக வளைந்துகொடுக்கும். பேக்பைப் குழுக்களின் டிரம்களில் மேல்தோலுக்கு அடியிலும் இன்னொரு கம்பித் தொகுதி இருக்கும். மேல்தோலை மிகக் கடுமையாக இறுக்குவதால், வாசிப்பு அங்கே சரளை கொட்டுவதுபோல் துல்லியமாகத் தெறிக்கும்.

ஆழம் குறைந்த டிரம் விரைவாகப் பதிலளிக்கிறது என்பதற்கு, ஒலி கடக்க வேண்டிய தூரம் குறைவு என்று காரணம் சொல்லப்படுவதுண்டு. 3.5 அங்குலத்தைக் கடக்க ஒலிக்கு 0.26 மில்லிநொடி ஆகும், 6.5 அங்குலத்துக்கு 0.48 மில்லிநொடி. இந்த வேறுபாட்டைக் காது உணராது. உண்மைக் காரணம் காற்றுச் சுருள்வில்தான்: காற்றுப்படலம் மெல்லியதாகும்போது வில் விறைப்பாகிறது, மேல்தோலின் சிறு அசைவும் கீழ்த்தோலை வலுவாகத் தள்ளுகிறது.

மேப்பிள் மரம், பிர்ச் மரம், பித்தளை, எஃகு என்று, தோல்கள் பூட்டிய உருளையான கூட்டின் பொருளைப் பற்றிப் பேசப்படுபவற்றில் ஒரு பகுதி அனுபவ உண்மை, பெரும்பகுதி நம்பிக்கை. கூடு நேரடியாகக் காற்றில் எழுப்பும் ஒலி, தோல்கள் எழுப்புவதோடு ஒப்பிட மிகச் சிறியது. விறைப்பும் எடையும் மிக்க உலோகக் கூடு தோலின் ஆற்றலைக் குறைவாகவே உறிஞ்சுவதால் ஒலி நீடித்துப் பளிச்சிடும். மரம் அதைச் சற்று விரைவாக அடக்கும். இந்த வேறுபாட்டைக் கேட்க முடியும், மறுக்கவில்லை. ஆனால் மேல்தோலை மாற்றினால் வரும் வேறுபாடு அதைவிடப் பெரிது. விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கும் காது, விலையையும் சேர்த்தே கேட்கிறது. லட்விக்கின் அக்ரோலைட் 1960-களில் மாணவர்களுக்கான மலிவு மாதிரியாகத்தான் வந்தது. இன்று தொழில்முறைக் கலைஞர்களே அதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆகவே பணம் குறைவாக இருந்தால், ஆடம்பரக் கூட்டுக்குச் செலவிடாமல் கம்பியும் தோலும் நன்கு தொடும் டிரம்மைத் தேடுங்கள். பழையது வாங்குவதில் குறையொன்றும் இல்லை. கம்பிகளைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒன்று நீண்டு தொய்ந்திருந்தாலும் வாசல் கம்பிக்குக் கம்பி மாறி, சீறல் கலைந்து இழுபடும். ஸ்ட்ரெய்னர் வழுக்காமல் நிற்க வேண்டும். தோல்களைக் கழற்ற அனுமதி கிடைத்தால், வெறும் கூட்டைக் கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தி, உள்ளே ஒரு சிறு விளக்கை வைத்து, அறையை இருட்டாக்குங்கள். மேல்தோல் அமரும் விளிம்பின் கீழ் எங்கும் ஒளி கசியக் கூடாது. கீழ் விளிம்பிலோ, கம்பிகள் கடக்கும் எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் மெல்லிய ஒளிக்கீற்று தெரிய வேண்டும். அது கம்பிகள் தோலோடு படிவதற்காகவே செதுக்கிய பள்ளம். என் முதல் எஃகு டிரம் தகர டப்பாபோல் ஒலிக்கிறது என்று பல மாதங்கள் வருந்தினேன். இரு தோல்களையும் கம்பித் தொகுதியையும் புதிதாக மாற்றிய மாலையில்தான் அது உண்மையில் எப்படி ஒலிக்கும் என்று கேட்டேன்.

கேட்ட வாசகருக்கு என் விடை இது: 14 அங்குல விட்டம், 5.5 அங்குல ஆழம், பூச்சுடைய ஒற்றைப் படல மேல்தோல், 20 கம்பிகள். எஃகோ அலுமினியமோ மரமோ, மேற்சொன்ன சோதனைகளில் தேறியது எதுவோ அது. கீழ்த்தோலை மேல்தோலைவிட உயர்ந்த சுரத்தில் வையுங்கள். ஒவ்வொரு திருகுக்கும் அருகே தட்டிக் கேட்டு, எதிரெதிர்த் திருகுகளை இணை இணையாகச் சரிசெய்யுங்கள். ஜாஸ் வாசிக்கும் நாளில் பென்சிலின் மிக மெல்லிய தட்டும் சீறும்வரை கம்பியைத் தளர்த்துங்கள். ராக் வாசிக்கும் நாளில் மேல்தோலின் சுரத்தைச் சற்று இறக்கி, பலமான அடிக்குப் பின் சீறல் இழுபடாமல் நிற்கும்வரை குமிழைக் கால் சுற்று, தேவையானால் இன்னொரு கால் சுற்று இறுக்குங்கள்.