சிரிப்புக் காட்சிக்காகத் துணியை அவிழ்க்கச் சொன்னால்: எங்கே புகார் செய்வது, எத்தனை நாளுக்குள்?

வேட்டி அவிழும், துண்டு நழுவும், உடை மாற்றும் அறையின் கதவு தானாகத் திறந்துகொள்ளும். படத்திலோ டிவியிலோ பார்ப்பவருக்கு அது இரண்டு நொடிச் சிரிப்பு. அந்த இரண்டு நொடிக்காக நிறுத்தப்படுபவர் பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்த துணை நடிகர். "கூட்டத்தில் நின்றால் போதும்" என்று காலையில் கூட்டி வந்து, மதியம் "மேல் துணி வேண்டாம், காமெடிதானே" என்பார்கள். மறுத்தால் ஏஜென்ட்டுக்குப் போன் போகும். இப்படி மாட்டிக்கொண்டவர்களோடு நானும் அலுவலகப் படிகளை ஏறி இறங்கியிருக்கிறேன். சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. நாள் கடந்துபோனதாலும், தப்பான இடத்தில் மனு கொடுத்ததாலும்தான் கைவிடப்பட்டார்கள்.

பெண்களுக்கு முதல் வழி, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம். "நீங்கள் எங்கள் ஊழியரே இல்லை, ஒரு நாளைக்கு வந்தவர்" என்று புரொடக்ஷன் தரப்பில் சொல்வார்கள். நம்பாதீர்கள். தினக்கூலி, தற்காலிகம், ஒப்பந்தம், ஏஜென்ட் வழியாக வந்தவர் எல்லோரும் இந்தச் சட்டத்தில் ஊழியர்தான். நியமனக் கடிதம் தேவையில்லை. சினிமா யூனிட்டும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பே சொல்லிவிட்டது.

இனி, பலரைக் கவிழ்த்த விஷயம். புகாருக்குக் கெடு 3 மாதம். அது காட்சியை எடுத்த நாளிலிருந்து ஓடுகிறது, படம் வெளியாகும் நாளிலிருந்து இல்லை. "எடிட்டிங்கில் எடுத்துவிடுவோம்" என்று அசிஸ்டன்ட் டைரக்டர் சொன்னதை நம்பி ஒரு பெண் காத்திருந்தார். ஒரு வருடம் கழித்து தியேட்டரில் மொத்தக் கூட்டமும் தன்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் கெடு முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. சரியான காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம், அதற்கு மேல் முடியாது. தொல்லை தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. எடிட்டிங்கில் போய்விடும் என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால், அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டது பதிவாக இருக்கும்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். ஷூட்டிங் ஸ்பாட்டில் அப்படி ஒன்று இருப்பதாக எவரும் சொல்ல மாட்டார்கள். குழு இல்லையென்றாலோ, புகாரே தயாரிப்பாளர் மீது என்றாலோ, நேராக மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் "அப்படி ஒன்று இங்கே இல்லை" என்று முதல் மேஜையிலேயே திருப்பி அனுப்புவார்கள். சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். எங்கே கொடுத்தாலும் தேதி போட்ட ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். புகாரை ஆறு நகல் தர வேண்டும் என்பது விதி. ஒரே நகலோடு போய், "நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு நாளை என்பது சின்ன வார்த்தை இல்லை. உங்களால் எழுத முடியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. அதைத் தயங்காமல் கேளுங்கள்.

மனுவில் "ஆபாசமான காட்சியில் நடிக்க வைத்தார்கள்" என்று மட்டும் எழுதினால், "அது கதைக்குத் தேவை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். யார் தொட்டது, யார் என்ன சொன்னது, மானிட்டரைச் சுற்றி நின்றவர்கள் யார் என்று எழுதுங்கள். "இதைப் பண்ணலன்னா நாளையிலிருந்து வராதே" என்று சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். வேலையைக் காட்டி மிரட்டுவதைச் சட்டம் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறது.

அப்புறம், சமரசம். பணம் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்வதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. சமரசத்தில் கையெழுத்துப் போட்டால் விசாரணையும் நடக்காது. எதிலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம்.

ஒரு பெண்ணின் துணியை வலுக்கட்டாயமாக உருவியிருந்தால் அது குழுவோடு நிற்க வேண்டிய விஷயம் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 76-ஆம் பிரிவில் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "எங்கள் எல்லை இல்லை" என்று ஸ்டேஷனில் சொன்னால், எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் போட வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவு சொல்வதைக் காட்டுங்கள். மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள். எஃப்ஐஆர் நகல் இலவசம்.

ஆண்களுக்கு வழி குறுகலானது, இது எனக்கு ஆறாத கோபம். சிரிப்புக்காக அதிகம் துணி உரியப்படுவது ஆண்களுக்குத்தான், ஆனால் 2013 சட்டம் அவர்களுக்கு இல்லை. மிச்சம் இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவு. சம்மதம் இல்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்பைப் படமெடுத்தாலோ பரப்பினாலோ குற்றம். உள்ளாடை போட்டிருந்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும். அங்கே தனிமையை எதிர்பார்க்க உங்களுக்கு நியாயம் இருந்ததா என்ற கேள்வி வரும். உடை மாற்றும் இடத்தில் ஒளித்து எடுத்தது என்றால் வலுவான வழக்கு. கேமரா முன் நீங்களே நின்றது என்றால் கடினம். எதற்குச் சம்மதித்தீர்கள் என்பதை அன்றே ஏஜென்ட்டுக்கு ஒரு மெசேஜாக எழுதி வையுங்கள். இந்தப் பிரிவை விசாரிக்க வேண்டியவர் இன்ஸ்பெக்டர் அல்லது அவருக்கு மேலே உள்ளவர். கீழே உள்ளவர் அலைக்கழித்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

"படத்துக்குச் சென்சார் சான்று கிடைத்துவிட்டதே" என்பதும் ஒரு பதிலாக வரும். அந்தச் சான்று யார் பார்க்கலாம் என்பதற்குத்தான். நடித்தவர் சம்மதித்தாரா என்பதை அது சொல்லாது.

கிளிப் இணையத்தில் சுற்றினால் வெறும் ரிப்போர்ட் பட்டனை மட்டும் அழுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, நீங்களோ உங்கள் சார்பில் இன்னொருவரோ, "இதில் இருப்பது நான், அரை நிர்வாணமாக இருக்கிறேன்" என்று எழுதுங்கள். 2021 விதிகளின்படி இப்படிப்பட்ட புகாரில் தளம் கிளிப்பை நீக்க அதிகபட்சக் கெடு முதலில் 24 மணி நேரமாக இருந்தது, 2026 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பின் அது 2 மணி நேரம். ஒவ்வொரு லிங்க்கையும் தனித்தனியாக ஒட்டுங்கள், ஸ்கிரீன்ஷாட்டில் நேரம் தெரியட்டும். மறுத்துப் பதில் வந்தால், மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போக 30 நாள் இருக்கிறது.