பனிக்கரடியின் காலடிச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

பனிக்கரடி நடந்து போகிற ஆவணப்படக் காட்சி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பனி நறநறவென்று நொறுங்குவது நம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். ஆனால் கேமராக்காரர் நிற்பது பல நூறு மீட்டர் தள்ளி. டெலிஃபோட்டோ லென்ஸ் கரடியைக் கிட்டே இழுத்துவிடும், மைக்கால் அது முடியாது. அவ்வளவு தூரத்தில் மைக்கில் விழுவது பெரும்பாலும் காற்றுதான்.

அப்புறம் அந்தச் சத்தம்? ஸ்டுடியோவில் ஒருவர் திரையில் கரடியின் காலைப் பார்த்துக்கொண்டே, கஸ்டர்ட் பவுடரையோ சோளமாவையோ நிரப்பிய ஒரு காலுறையைக் கையால் அமுக்குகிறார். சமையலறையில் சோளமாவு பாக்கெட் இருந்தால் பிரிக்காமல் அழுத்திப் பாருங்கள், துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதே நறநறப்பு வரும். ஹாலிவுட்டில் இந்த வேலையைச் செய்த ஜாக் ஃபோலியின் பெயராலேயே இதை 'ஃபோலி' என்கிறார்கள். பறவை சிறகடிக்க வேண்டுமா, ஒரு ஜோடி தோல் கையுறையை உதறினால் போதும்.

நாம் ஏமாறுவதற்குக் காரணம் மூளையின் பழக்கம். ஒரு அசைவும் ஒரு சத்தமும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று அது முடிவுகட்டிவிடும். தியேட்டரில் ஸ்பீக்கர் எங்கோ இருக்க, வசனம் நடிகரின் வாயிலிருந்தே வருவதுபோல நமக்குக் கேட்பதும் இதனால்தான்.

சரி, காலடிச் சத்தத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பின்னணி இசை அப்படியல்ல. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், சுறாக்கள் சும்மா நீந்துகிற 60 விநாடிக் காட்சியைச் சிலருக்குத் திகில் இசையோடும், சிலருக்கு உற்சாகமான இசையோடும், சிலருக்கு இசையே இல்லாமலும் காட்டினார்கள். மொத்தம் 2,000 பேருக்கு மேல். திகில் இசையோடு பார்த்தவர்கள்தான் சுறாவைப் பற்றி மோசமாக மதிப்பிட்டார்கள். காட்சியில் ஒரு மீன்கூடக் கடிபடவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை, ஆனாலும் சுறா வில்லனாகிவிட்டது. என்னைக் கேட்டால் ஆவணப்படத்தில் ஆபத்தான கருவி இதுதான், ஏனென்றால் தப்பு என்று கைநீட்டிக் காட்ட அங்கே எதுவுமில்லை.

எடிட்டிங்கும் இதே வேலையைச் செய்யும். நூறு வருடங்களுக்கு முன்பே ரஷ்யாவில் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், பிறகு ஒரு சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். முகம் அதேதான், பார்த்தவர்களோ அதில் பசியையும் துக்கத்தையும் கண்டார்களாம். சிங்கம் எங்கோ வெறித்துப் பார்க்கிற ஷாட்டுக்கு அடுத்து ஒரு மான் குட்டியை வைத்தால் வேட்டை தொடங்கிவிட்டது என்று நமக்கு வியர்க்கும். அவை இரண்டும் வேறு வேறு நாளில் எடுத்தவையாக இருக்கலாம்.

இதன் கடைசி எல்லை டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்', 1958. லெம்மிங் என்ற எலி போன்ற பிராணிகள் கூட்டமாகப் போய்க் கடலில் குதித்துச் சாவதாக ஏற்கெனவே ஒரு கதை உலவியது, படத்தில் அதையே காட்டினார்கள். எடுத்த இடம் கனடாவின் ஆல்பெர்ட்டா. அங்கே கடலும் கிடையாது, படம்பிடித்த பகுதியில் லெம்மிங்கும் கிடையாது. வேறு மாகாணத்திலிருந்து சில டஜன் பிராணிகளை விலைக்கு வாங்கிவந்து, பெரிய கூட்டம்போலத் தெரியும்படி நெருக்கமான கோணங்களில் படம்பிடித்து, கரையிலிருந்து ஆற்றில் தள்ளிவிட்டார்கள். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. கனடாவின் சிபிசி தொலைக்காட்சி இதைத் தோண்டி எடுப்பதற்குள் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.