ஓட்டை விழுந்த இலைகள்

வண்ணப் பூக்களாய்ப் பார்த்துப் பார்த்து நட்டும், பட்டாம்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடுகிறதே, தங்க மாட்டேன் என்கிறதே என்று வருந்துபவர்கள் பலர். தங்க வேண்டுமென்றால் தேன் மட்டும் போதாது. அதன் புழுவுக்குத் தின்ன இலை வேண்டும்; அதுவும் அந்த இனத்துக்கே உரிய இலை.

முட்டையிட வரும் பெண் பூச்சியைக் கவனியுங்கள். ஓர் இலையில் அமர்ந்து முன்கால்களால் படபடவென்று தட்டும். உடனே அடுத்த இலைக்குத் தாவும். அதன் கால்களில் சுவை அறியும் நுண்மயிர்கள் உண்டு. தட்டித் தட்டி அது ருசி பார்க்கிறது. தேடும் வேதிப்பொருள் இருந்தால்தான் முட்டை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? புழுக்களுக்கு எதிராகத் தாவரங்கள் நஞ்சு சேர்த்து வைத்திருக்கின்றன. பெரும்பாலான இனங்கள் ஒருசில தாவரக் குடும்பங்களின் நஞ்சைத் தாங்க மட்டுமே பழகியிருக்கின்றன. எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று, அந்த நஞ்சைத் தன் உடலிலேயே சேமித்துக்கொள்ளும். அந்தப் புழுவை ஒருமுறை தின்று குமட்டிய பறவை மறுபடி அதன் நிறத்தை நெருங்காது. களை என்று நாம் பிடுங்கி எறியும் செடிக்குள் இத்தனை நடக்கிறது!

எலுமிச்சை அழகியின் புழுவோ வேறு வழி கண்டிருக்கிறது. சின்னதாக இருக்கும்வரை பறவை எச்சம் போலவே தோன்றும். கடைசியாகத் தோலுரித்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டி நாற்றம் வீசும்.

ஆகவே எலுமிச்சை, கறிவேப்பிலை, கொன்றை, எருக்கு என்று நடுங்கள். இலைகள் ஓட்டையாகட்டும். மருந்து தெளிக்கவே வேண்டாம். வேப்பெண்ணெய்கூடப் புழு தோலுரிப்பதைக் கெடுத்துவிடும்.

பூச்செடிகளுக்கு வெயில் படும், காற்று அதிகம் அடிக்காத இடம் நல்லது. பறக்கும் தசைகள் சூடேறினால்தான் பூச்சியால் எழும்ப முடியும். இட்லிப்பூ போலக் கொத்தாகப் பூப்பவை உட்காரத் தோது. அருகே கொஞ்சம் ஈரமண் இருந்தால் ஆண் பூச்சிகள் உப்பை உறிஞ்ச வரும். அந்த உப்பில் ஒரு பங்கு இணைசேரும்போது பெண்ணுக்கும் போய்ச்சேரும்.

வளர்ந்த புழு திடீரென்று காணாமல் போனால் பதற வேண்டாம். கூட்டுப்புழுவாக மாற இடம் தேடி, தின்ற செடியை விட்டே நகர்ந்திருக்கலாம். பக்கத்தில் காய்ந்த குச்சியை ஒடிக்கும் முன் திருப்பிப் பாருங்கள். எலுமிச்சை அழகியானால், இடுப்பில் ஒற்றைப் பட்டிழை கட்டி, குச்சியின் நிறத்திலேயே அது சாய்ந்து நின்றிருக்கும்.